மகளின் கீரிப்பூச்சியும் தோட்டத்து நூற்புழுவும்

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஏழு வயதில் மகள், மூன்று வயதில் மகன். இப்போது மூன்றாவது மாதக் கர்ப்பம். சில வாரங்களுக்கு முன் மகள் இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு தூங்காமல் அழுதிருக்கிறாள். பார்த்தால் வெள்ளை நூல் போல நெளியும் புழு. மருத்துவர் கீரிப்பூச்சி என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார். இரண்டு நாளில் அரிப்பு நின்றது. ஐந்து வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. அதே வாரத்தில்தான் வீட்டுத் தோட்டத்தில் தக்காளியும் கத்தரியும் வாடுவதற்கான காரணமும் தெரிந்தது. 'வேர்முடிச்சு நூற்புழு' என்று ஆய்வக அறிக்கை வந்திருக்கிறது. அந்தத் தோட்டத்து மண்ணில்தான் மகள் தினமும் விளையாடுகிறாள்.

"மண்ணிலிருந்துதான் புழு என் பிள்ளைக்கு ஏறியிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் குருணை மருந்து கொடுத்திருக்கிறார், பாக்கெட்டில் பெயர் எதுவும் இல்லை. அதைப் போட்டு மண்ணையே சுத்தமாக்கிவிடலாமா? என் கணவர் 'நன்மை செய்யும் நூற்புழு' என்று ஒரு பொட்டலம் வாங்கித் தண்ணீரில் கலந்து பாத்திகளுக்கு ஊற்றியிருக்கிறார். நாங்களே கையால் புழுவை விதைத்துவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் மாதாமாதம் மாத்திரை கொடுத்துவிடலாமா? எனக்கு மருத்துவர் தரவில்லை, நானே வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? நாயையும் யாரிடமாவது கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறோம். இதற்கு நடுவில் என் தங்கை, புழு இருந்தால் அலர்ஜி வராது, விட்டுவிடு என்கிறாள்."

இதுதான் கடிதம். இனி உங்களிடமே பேசுகிறேன்.

முதலில் குருணை மருந்து. அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். ஏற்கெனவே பிரித்திருந்தால் வெறும் கையால் தொடாமல் இன்னொரு உறையில் போட்டு இறுக்கி மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் என் பதிலை முழுவதும் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, உங்கள் மகளின் புழு தோட்டத்திலிருந்து வந்ததல்ல. இரண்டுமே நூற்புழு வகைதான், அதில் நீங்கள் நினைத்தது சரி. ஆனால் அந்த வகை மிகப் பெரியது. உலகம் முழுவதும் சேகரித்த மண் மாதிரிகளை வைத்து 2019இல் ஒரு ஆய்வுக் குழு கணக்கிட்டது. மேல்மண்ணில் மட்டும் வாழும் நூற்புழுக்களின் எண்ணிக்கை, 44 போட்டு அதன்பின் 19 பூஜ்யம் போட்டால் வரும் எண். நிலத்தில் வாழும் விலங்குகளை எண்ணினால் ஐந்தில் நான்கு நூற்புழுவாக இருக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று, தழைச்சத்தைச் செடிக்குக் கிடைக்கும் வடிவத்தில் மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பவை. சில வகைகள் மட்டுமே செடியின் வேரைத் தாக்குகின்றன. இன்னும் சில மட்டுமே மனிதரைத் தொடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வழியில்தான் வரும், குறிப்பிட்ட இடத்தில்தான் வாழும். அதனால் வீட்டில் எந்தப் புழுவைப் பார்த்தாலும் "எதைப் போட்டுக் கொல்லலாம்" என்பதற்கு முன்னால் "இது எந்த வழியாக வந்தது" என்று கேளுங்கள்.

நீங்கள் குழம்பியதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. தேர்ந்த விஞ்ஞானிகளுக்கே இதே குழப்பம் வந்திருக்கிறது. 1919இல் கோஃபாய்ட், வைட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் படைவீரர்களின் மலத்தில் பழக்கமில்லாத முட்டைகளைப் பார்த்தார்கள். மனிதரைத் தாக்கும் புதிய புழு, கீரிப்பூச்சிக்கு உறவு என்று முடிவுகட்டி, 'ஆக்ஸியூரிஸ் இன்காக்னிடா' என்று பெயரும் வைத்தார்கள். சில வருடம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அவை வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டைகள். வீரர்கள் சாப்பிட்ட காய்கறியோடு வயிற்றுக்குள் போய், எங்கும் ஒட்டாமல் அப்படியே வெளியே வந்திருக்கின்றன. அந்தப் பெயரின் பின்பாதி மட்டும் நிலைத்துவிட்டது. உங்கள் தக்காளியைத் தாக்கும் புழு பெரும்பாலும் 'மெலாய்டோகைன் இன்காக்னிடா'வாக இருக்கலாம். அந்த வீரர்களின் மலத்தில் கிடைத்த முட்டைகளுக்கு வைத்த பெயரைத்தான் அது சுமக்கிறது. வேர்முடிச்சுள்ள செடியின் மண்ணை உங்கள் மகள் வாயிலேயே வைத்திருந்தாலும் அந்தப் புழு அவள் உடம்பில் வாழாது. அதன் வாயில் இருப்பது செடியின் உயிரணுவைக் குத்தி உறிஞ்சும் ஊசி. உயிருள்ள வேர் இல்லாமல் அதற்கு வளர்ச்சி கிடையாது.

கீரிப்பூச்சி ஏன் திரும்ப வந்தது

கீரிப்பூச்சிக்கு மனிதர்தான் வீடு. பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் சுமார் 10,000 முட்டைகளை ஒட்டிவிடும். அதனால்தான் ராத்திரி அரிப்பு. குழந்தை சொறியும்போது முட்டை நகத்துக்குள் போகிறது. அங்கிருந்து வாய்க்கு, போர்வைக்கு, பொம்மைக்கு, தம்பியின் கைக்கு. சில மணி நேரத்திலேயே அந்த முட்டை தொற்றத் தயாராகிவிடும். துணியிலும் பொருட்களிலும் இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். விழுங்கிய முட்டை வளர்ந்து மறுபடி முட்டையிடும் பெண் புழுவாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

இப்போது உங்கள் ஐந்து வாரக் கணக்கைப் பாருங்கள், அப்படியே பொருந்துகிறது. மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் முதல் வேளை கொடுத்த இரண்டு வாரத்தில் இரண்டாவது வேளை கொடுக்க வேண்டும். அதையும் உங்களைத் தவிர வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். உங்கள் கடிதப்படி மகளுக்கு மட்டும், ஒரே ஒரு வேளை. தம்பிக்கு அரிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அரிப்பே இல்லாமல் புழுவைச் சுமப்பவர்கள் நிறைய உண்டு.

உறுதி செய்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. காலையில் எழுந்ததும், கழிப்பறைக்குப் போவதற்கும் கழுவுவதற்கும் முன்னால், ஒளி ஊடுருவும் செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாய்த் தோலில் அழுத்தி எடுத்து, ஆய்வகம் தரும் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுங்கள். மூன்று காலை தொடர்ந்து செய்தால் தப்புவது அரிது. மலப் பரிசோதனையில் கீரிப்பூச்சி பெரும்பாலும் தெரியாது. அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

மருந்துக்குச் சமமான வேலை வீட்டுப் பழக்கத்தில் இருக்கிறது. இரவில் ஒட்டிய முட்டை பரவுவதற்கு முன் காலையிலேயே குளிக்க வைத்து உள்ளாடையை மாற்றுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முட்டையைக் கையிலிருந்து கழுவி அகற்றுவதுதான் முக்கியம், கிருமிநாசினி ஜெல்லை நம்ப வேண்டாம். மருந்து எடுத்தவர்கள் இதை இரண்டு வாரம் விடாமல் செய்தால் போதும்.

பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை. பள்ளி வயதுக் குழந்தைகளிடம் இது உலகம் முழுவதும் சாதாரணம், சுத்தமான வீடுகளிலும் வரும். இனிப்புச் சாப்பிட்டதால் வந்தது என்று யாராவது சொன்னால் அவளைத் திட்டாதீர்கள், இனிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். பெண் குழந்தைகளுக்கு இந்தப் புழு சில சமயம் பிறப்புறுப்புப் பக்கம் போய்விடும். அங்கே அரிப்பு, வெள்ளைப்படுதல், சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று அவள் சொன்னால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வழியை அடைத்தால் மருந்து இல்லாமலேகூடப் புழுவை ஒழிக்க முடியும் என்பதற்கு, குடிநீர் வழியாக உடம்புக்குள் போகும் நரம்புச்சிலந்திப் புழு சாட்சி. அதைக் குணமாக்க மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. 1986இல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த அந்த நோய், 2021 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் 20 பேரைத் தாண்டவில்லை. குடிநீரைத் துணியில் வடிகட்டியதும், அந்தப் புழு வெளிவரும் புண் உள்ளவர்கள் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டதும்தான் இதில் பெரும்பங்கு.

உங்களுக்கு ஏன் மாத்திரை தரவில்லை

உங்கள் மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். அல்பெண்டசோல், மெபெண்டசோல் போன்ற குடற்புழு மாத்திரைகளை முதல் மூன்று மாதக் கர்ப்பத்தில் தவிர்க்கிறோம். எஞ்சியிருக்கும் மாத்திரையை நீங்களாக எடுக்காதீர்கள். கீரிப்பூச்சியால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து இல்லை. புதிய முட்டை வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொண்டால், உள்ளே இருக்கும் புழுக்கள் தம் ஆயுள் முடிந்து போய்விடும். அதனால் மேலே சொன்ன சுத்தப் பழக்கத்தை நீங்கள் மட்டும் ஆறு வாரம் கடைப்பிடியுங்கள். அதற்குப் பிறகும் அரிப்பு இருந்தால், கர்ப்பத்தின் பிற்பகுதியில் மருந்து தேவையா என்பதை மகப்பேறு மருத்துவர் முடிவு செய்யட்டும்.

எல்லோருக்கும் மாதாமாதம் மாத்திரை வேண்டாம். குடற்புழு அதிகமாக உள்ள பகுதிகளில் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மாத்திரை தர உலக சுகாதார நிறுவனம் சொல்வது கொக்கிப்புழு, உருண்டைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றுக்காக. அது சமூகம் முழுவதற்குமான திட்டம். அடிக்கடி திரும்பும் கீரிப்பூச்சிக்கு மருத்துவர் சில வேளைகள் கூடுதலாகத் திட்டமிட்டுத் தருவதும் உண்டு. ஆனால் நாமாகத் தேதி குறித்துக் கொடுப்பது வேறு. இதே மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்து 1961இல் ஆடுகளுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதற்கு அடங்காத புழுக்கள் தோன்றிவிட்டன. இன்று ஆடு வளர்ப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி. நம் கையில் இருக்கும் மருந்துகள் சிலவே. அவற்றைத் தேவையில்லாமல் செலவழிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

உங்கள் தங்கை சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சில குடற்புழுக்கள் நம் நோய் எதிர்ப்பு அமைப்பை அடக்கி வைக்கும் என்பது தெரிந்ததுதான். அதை நம்பிப் பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டைகளை கிரோன் குடல் அழற்சி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் பெரிய பரிசோதனைகளில் பலன் தெரியவில்லை. ஆய்வு இன்னும் தொடர்கிறது, அதில் எனக்கும் ஆர்வம் உண்டு. அதற்காக ஒரு ஏழு வயதுக் குழந்தையை ராத்திரி முழுக்கச் சொறிய விட முடியாது.

தோட்டத்தை என்ன செய்வது

குருணைக்கு வருகிறேன். நூற்புழுவுக்கென்று விற்ற பழைய மருந்துகள் பலவும் நரம்பு நொதி ஒன்றை முடக்கிக் கொல்பவை. அந்த நொதி நமக்கும் இருக்கிறது, உங்கள் நாய்க்கும் இருக்கிறது, மண்புழு தின்ன வரும் பறவைக்கும் இருக்கிறது. டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியின் கதை இன்னும் வேதனையானது. அதைத் தயாரித்த ஆண் தொழிலாளர்கள் பலருக்கு விந்தணு உற்பத்தியே குறைந்தோ நின்றோ போயிருந்தது 1977இல் அமெரிக்காவில் தெரியவந்தது. தங்களில் பலருக்குக் குழந்தை இல்லை என்பதை முதலில் கவனித்தவர்கள் அந்தத் தொழிலாளர்களே. பெயரில்லாத குருணையில் என்ன இருக்கிறது, எவ்வளவு போட வேண்டும், காய் பறிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. கர்ப்பிணியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டில் அதற்கு இடமே இல்லை. சாக்கடையிலோ குப்பையிலோ போடாமல் உங்கள் பகுதி வேளாண் அலுவலரைக் கேட்டு ஒப்படையுங்கள்.

அது இல்லாமலே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. நான் மருத்துவன், இதில் நான் சொல்வது வேளாண் பக்கத்தில் நூற்புழு ஆராயும் நண்பர்களிடம் கற்றது. வாடிய செடிகளை வேரோடு, முடிந்தவரை எதுவும் அறுபடாமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், மக்குக் குழியில் போட வேண்டாம். முடிச்சுகளுக்குள் இருக்கும் பெண் புழு ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மண் சூடாக இருந்தால் ஒரு தலைமுறை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அவரை, பயறு வகைச் செடிகளின் வேரில் முடிச்சைப் பார்த்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஒட்டியது போல் இருந்து, விரலால் தேய்த்தால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்தை நிலைநிறுத்தும் பாக்டீரியா முடிச்சு. வேரே வீங்கியிருந்தால்தான் நூற்புழு.

காலியான பாத்தியை நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் போட்டு, நல்ல வெயில் காலத்தில் நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். மேல்மண்ணில் உள்ளவை வெப்பத்திலேயே குறையும். ஆழத்தில் கொஞ்சம் மிஞ்சும். அடுத்த பயிராக அதே குடும்பத்துத் தக்காளி, கத்தரி, மிளகாயை வைக்காமல், செண்டுமல்லியை நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளருங்கள். பல செண்டுமல்லி வகைகளின் வேரில் இருக்கும் ஒரு பொருள் இந்தப் புழுக்களைக் கொல்கிறது. தக்காளிக்கு இடையில் இரண்டு செடி நட்டுவிட்டுப் பலனை எதிர்பார்க்க முடியாது, பாத்தி முழுக்க இருக்க வேண்டும். திரும்பத் தக்காளி வைக்கும்போது நூற்புழு எதிர்ப்பு ரகம் கேட்டு வாங்குங்கள். மண் வெப்பம் 28 டிகிரிக்கு மேல் போனால் அந்த எதிர்ப்பு தளரும், அதனால் நடவை வெப்பம் குறைந்த பருவத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் ஊற்றிய பொட்டலத்தால் யாருக்கும் தீங்கு இல்லை. அநேகமாக அதில் இருந்தவை ஸ்டெய்னெர்னீமா அல்லது ஹெட்டெரோராப்டிடிஸ் வகை. அவை மண்ணில் உள்ள பூச்சிகளின் உடம்புக்குள் புகுந்து, தம்மோடு சுமந்து வரும் பாக்டீரியாவை விட்டு, ஒன்றிரண்டு நாளில் பூச்சியைக் கொன்றுவிடும். மனித உடம்பில் அவற்றால் வாழ முடியாது. ஆனால் அவர் எதிர்பார்த்த வேலையும் நடக்காது. அவை வேரைத் தின்னும் வண்டுப் புழுக்களுக்கு எதிரானவை. வேர்முடிச்சுக்கு அவற்றை மருந்தாக நம்ப முடியாது. மறுபடி வாங்குவதற்கு முன் எந்தப் பூச்சிக்கு என்று உறையில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்ணிலிருந்து உண்மையிலேயே வரக்கூடியவை

மண் வழியாக மனிதருக்கு வரும் புழுக்களும் இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு அத்தகைய குடற்புழுக்கள் உண்டு. கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உள்ளே போகும், இரத்தசோகையைக் கொண்டுவரும். ஆனால் இவை பெரும்பாலும் மனித மலம் வழியாகத்தான் மண்ணுக்கு வருகின்றன. உங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கிறது, கழிவுநீர் பாத்திக்குப் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் தோட்டத்தில் அந்த ஆபத்து மிகக் குறைவு. சுற்றுப்புறத்தில் திறந்த வெளியில் மலம் கழிக்கும் இடம் இருந்தால் மட்டும் பிள்ளைகள் செருப்போடு விளையாடட்டும். அவர்கள் வெளிறியோ சோர்ந்தோ தெரிந்தால் மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள்.

நாயைக் கொடுத்துவிட வேண்டாம். நாய்க்குக் கீரிப்பூச்சி வராது, அதனால் அது பரப்பவும் முடியாது. மகள் இதற்காக அழுததாக எழுதியிருந்தீர்கள். இன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள். நாய்க்கென்று ஒரு உருண்டைப்புழு உண்டு. அதன் முட்டை குழந்தையின் வயிற்றுக்குள் போனால் இளம்புழுக்கள் கல்லீரலுக்கும் சில சமயம் கண்ணுக்கும் போகலாம், அது லேசான விஷயம் இல்லை. நல்ல வேளையாக, புதிதாக வெளியேறிய முட்டை உடனே தொற்றாது, மண்ணில் கிடந்து பக்குவமாகச் சில வாரம் ஆகும். நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் அந்த வழி அடைபட்டது. கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் நாய்க்குப் புழு மருந்து கொடுங்கள், குட்டியாக இருந்தால் இன்னும் அடிக்கடி தேவைப்படும்.

உங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கர்ப்ப காலத்தில் தோட்ட வேலை செய்யலாம், ஆனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடித்ததும் சோப்பால் கழுவுங்கள். அது நூற்புழுவுக்காக இல்லை. பூனை மலம் கலந்த மண்ணில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம், கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் அது குழந்தையைப் பாதிக்கும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது தோட்ட வேலையைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம், மகளுக்கும் மகனுக்கும் கணவருக்கும் முதல் வேளை எந்த நாள் என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்து, அதிலிருந்து 14ஆம் நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டாவது வேளைக்குப் பிறகும் அரிப்பு திரும்பினால், செலோடேப் பரிசோதனை முடிவோடு மறுபடி எழுதுங்கள்.